இருபத்தாறாம் வளைவில் ஒரு குறட்டை

"உன் கம்ப்யூட்டருக்குப் புடிச்ச நோயை, இருபத்தாறாம் வளைவுல குறட்டை உட்டுக்கிட்டே கண்டுபுடிச்சுட்டேன் கண்ணு!"

மலைமேல் வாழவந்தி நாட்டு மிளகு விவசாயிகள் சங்கத்துக்குள் நுழையும்போதே சின்னுசாமி சொன்னார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தைந்து வருஷம் லைன் பார்த்து ஓய்வு பெற்றவர். தான் கம்பியைத் தொட்டால் சேலத்தில் மணி அடிக்கும் என்பார். சங்கச் செயலாளர் யமுனா தலை நிமிரவே இல்லை.

அவளுக்குச் சிரிக்க நேரமில்லை. மறுநாள் காலை இயற்கை விவசாயச் சான்று அதிகாரி வருகிறார். இருநூற்று நாற்பது குடும்பங்களின் தோட்ட விவரம், எந்தக் கொடி எந்த மரத்தில் ஏறியது என்பது வரைக்கும், அந்தக் கம்ப்யூட்டரில்தான். அது திறக்காவிட்டால் சான்று போச்சு. மறுபடி விண்ணப்பித்து மூன்று வருஷம் காத்துக் கிடக்க வேண்டும்.

சங்கத்தின் பழைய மென்பொருள் புதுக் கம்ப்யூட்டரில் ஓடாது. ஆகவே கீழே சேந்தமங்கலத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் சுரேந்தர், கம்ப்யூட்டருக்குள்ளேயே இல்லாத கம்ப்யூட்டர் ஒன்றை உண்டாக்கியிருந்தார். வெர்ச்சுவல் மெஷின் என்று பேர். அதன் டிஸ்க் முழுவதும் உள்ளங்கை அளவுப் பெட்டியில் அடங்கும். பெட்டி காலை பஸ்ஸில் கண்டக்டர் கையோடு கீழே போகும். மண் பரிசோதனை முடிவுகளைச் சுரேந்தர் ஏற்றுவார். சாயங்கால பஸ்ஸில் மேலே வரும். இரண்டே நாளில் உள்ளே இருப்பதெல்லாம் கூழாகிவிடும். சுரேந்தர் நல்ல பிரதியைப் போட்டுக் கொடுப்பார், மறுபடி கூழ். மேலே மூன்று கம்ப்யூட்டர் மாற்றியாயிற்று, மூன்றும் மூன்று கம்பெனி. பெட்டியையும் மாற்றியாயிற்று. "மலைக் குளிர் ஒத்துக்கலீங்க" என்று கைவிரித்தவர், அன்று கடைசி நல்ல பிரதியோடு தானே பஸ் ஏறினார்.

அந்த பஸ்ஸில்தான் சின்னுசாமியும் ஜன்னலோரம் இருந்தார். பக்கத்தில் மலையடிவாரத்துக் காரவள்ளி அர்த்தநாரி, மடியில் காலிக் கூடை. இரண்டு பேரும் கடலைக்காய் உரித்துத் தின்று, தொலியைக் கூடையில் போட்டுக்கொண்டே வந்தார்கள். காரவள்ளி வருமுன்பே சின்னுசாமி தூங்கிவிட்டார். அந்தக் குறட்டைக்கு டிரைவர் ஹாரனையே தொடவில்லை. எதிரே வந்த லாரிகள் தாமாக ஒதுங்கி வழிவிட்டன.

மலைப்பாதையின் இருபத்தாறாம் வளைவில் ஒரு குலுக்கல். விழித்தார். "அப்புறம் உன் மருமவன் என்னய்யா சொன்னான்?" என்று விட்ட பேச்சைத் தொடர்ந்தபடி, கையிலிருந்த தொலியைப் பக்கத்து மடியில் கொட்டினார்.

"ஏனுங்க! என் பையிங்க!" என்று துள்ளினார் சுரேந்தர். அர்த்தநாரி எப்போதோ காரவள்ளியில் இறங்கிப் போய்விட்டிருந்தார். கூடை இருந்த இடத்தில் வாய் திறந்த லேப்டாப் பை.

"இங்க காலிக் கூடைதான இருந்துச்சு?"

"அது நீங்க தூங்கறதுக்கு முந்திங்க!"

சின்னுசாமி திறந்த வாயை இருபத்தெட்டாம் வளைவு வரை மூடவில்லை. பிறகு கேட்டார். "யமுனாப் புள்ள சாயங்காலம் அந்த மெசினை அணைக்குதா, தூங்க வெக்குதா?"

"எப்படி வெச்சா என்னங்க? இது மேல இருக்கற கம்ப்யூட்டர் கோளாறுங்க. கடலைத் தொலிக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

இப்போது ஆபீசில், கூடவே வந்த சுரேந்தரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சின்னுசாமி அதே கேள்வியை யமுனாவிடம் போட்டார்.

"தூங்கத்தானுங்க வெப்பேன்," என்றாள். "கரன்ட் எப்பப் போவும்னு ஆருக்குத் தெரியும்? அணைச்சுத் தொறந்தா கால்மணி நேரம் ஆவுது. தூங்க வெச்சா உட்ட எடத்துலயே எந்திரிக்கும்."

"மூணு கம்ப்யூட்டர்லயும் அப்படித்தானா?"

"மூணுலயுந்தானுங்க."

"அந்தத் தூக்கத்து ஞாபகமெல்லாம் எங்க இருக்குது சுரேந்தரு? பெட்டிக்குள்ளயா?"

சுரேந்தர் பெட்டியையும் கம்ப்யூட்டரையும் மாறி மாறிப் பார்த்தார். "இல்லீங்க... இந்தக் கம்ப்யூட்டர்லங்க. பெட்டி மட்டுந்தான் கீழ போவுது."

"பாத்தியா! கீழ நீ புதுசாத் தொறந்து, காலி எடத்துல மண்ணு விவரம் எழுதி அனுப்பற. மேல இவன், இந்த மெசின், நேத்து ஞாபகத்தோட எந்திரிக்கறான். அந்த எடம் இன்னும் காலின்னு நெனச்சு, அவன் தொலியை அங்கயே கொட்டறான், நான் உன் பையில கொட்டுனாப்புல!"

சுரேந்தர் நம்பவில்லை. ஒரு பிரதி எடுத்தார், தூங்க வைத்தார், பெட்டியைக் கழற்றி லேப்டாப்பில் நாலு வரி எழுதினார், மறுபடி சங்கக் கம்ப்யூட்டரில் மாட்டி எழுப்பினார். பத்தே நிமிடத்தில் கூழ். அடுத்து, நல்ல பிரதியைத் திரும்பப் போட்டு, தூக்கத்து ஞாபகத்தை அழித்துவிட்டு, முறையாக அணைத்து அணைத்து ஐந்து தரம் மாற்றி மாட்டினார். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. யமுனா நோட்டை விரித்து, அந்தப் பிரதியில் விடுபட்டிருந்த பதினெட்டுத் தோட்டங்களையும் பொழுது சாய்வதற்குள் ஏற்றி முடித்தாள். அணைத்துவிட்டுத்தான் எழுந்தாள்.

மறுநாள் அதிகாரி சங்கீதா கேட்ட தோட்டமெல்லாம் கேட்ட மாத்திரத்தில் திறந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு, "ரொம்ப நாளாக் கெட்டுக் கெடந்துச்சுன்னாங்களே, எப்படிச் சரி பண்ணுனீங்க?" என்றார்.

அவ்வளவுதான், சின்னுசாமி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இருபத்தாறாம் வளைவும்மா. பஸ்சு ஒத்தச் சக்கரத்துல நிக்குது. நான் குறட்டை உட்டுக்கிட்டே..."

சங்கீதா சுரேந்தர் பக்கம் திரும்பினார். "நெசமாங்க?"

சுரேந்தர் தரையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், யமுனாவைப் பார்த்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"ஒத்தச் சக்கரம் பொய்யிங்க," என்றார். "மத்ததெல்லாம் நடந்துச்சுங்க."