வெள்ளிக்கிழமைப் பூஜ்யம்

மாணவி கன்னியம்மா கணிப்பொறியில் பூஜ்யம் போட்டதைப் பார்த்ததும் இயற்பியல் ஆசிரியை ஞானகுமாரிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தினம் ஒரு மாத்திரை என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

தொண்ணூற்று மூன்றில், அம்பத்தூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில், செருப்பை வெளியே விட்டுத்தான் கணிப்பொறி அறைக்குள் நுழைய வேண்டும். விலங்கியல் மாணவிகளுக்கு இயற்பியல் என்றாலே வேப்பங்காய். தவளையைக் கண்ணிமைக்காமல் அறுப்பார்கள், சூத்திரத்தைக் கண்டால் முகம் வெளிறிப்போகும். அதனால் ஞானகுமாரி சரிவுப் பலகையில் உருளும் குண்டுக் கணக்கை ஓரங்கட்டிவிட்டு, உடம்பில் மருந்து கரைவதைக் கணக்கிடும் சிறு புரோகிராம் ஒன்றை எழுதிக்கொண்டு வந்திருந்தாள். ஒவ்வொரு நாளும் எத்தனை மாத்திரை என்று கணிப்பொறி கேட்கும். எண்ணைத் தட்டினால் கோடு வரையும். ஒரே நாளில் பாதி கரைந்துவிடும் மருந்து அது. குறுக்குக் கோட்டுக்குக் கீழே போனால் மருந்து போதவில்லை என்று பொருள்.

கன்னியம்மாவின் நோட்டில் வெள்ளிக்கிழமைதோறும் பூஜ்யம். போன வாரமே ஞானகுமாரி அதைச் சிவப்பு மையால் அடித்து, 'கவனக்குறைவு' என்று எழுதியிருந்தாள். மறுபடியும் அதே பூஜ்யமா என்று அதட்டினாள்.

"தப்பா போடல மிஸ். எங்கம்மா கணக்கு இது. வெள்ளிக்கிழம வெரதம், பச்சத்தண்ணி குடிக்காது. சோறு துன்னாத்தானே மாத்திர."

என்ன மாத்திரை என்று கேட்டாள் ஞானகுமாரி.

"வலிப்புக்கு."

திரையில் ஒவ்வொரு சனிக்கிழமையும் கோடு குறுக்குக் கோட்டுக்குக் கீழே குழிக்குள் விழுந்தது. சனிக்கிழமைதான் அம்மாவுக்கு வலிப்பு வருமென்று கன்னியம்மா சொன்னாள். கண் திரையை விட்டு அகலவில்லை.

"வலிப்பு நிக்கணும்னுதான் மிஸ் வெரதமே. நிக்கலன்னு இந்த வாரத்துலேந்து வியாழக்கெழமயும் சேத்துக்கினு கீது."

அன்று வெள்ளிக்கிழமை, அம்மா மாத்திரை போடாத இரண்டாம் நாள். ஞானகுமாரிக்கு அந்தச் சிவப்பு மையை அழிக்க முடிந்தால் தேவலை என்றிருந்தது. பிரிண்டர் கறகறவென்று தாளைத் துப்பி முடிப்பதற்குள் கன்னியம்மா அதைக் கிழித்தெடுத்தாள். அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வாய் என்று கேட்க வாயெடுத்தாள் ஞானகுமாரி. அதற்குள் கன்னியம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள். வீட்டுக்குப் போகும் பட்டாபிராம் ரயிலுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

ஞானகுமாரி அவள் விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்தாள். வியாழனுக்குப் பூஜ்யம் போட்டாள். கணிப்பொறி வெள்ளிக்கிழமைக்கு எத்தனை மாத்திரை என்று கேட்டது. அவள் விரல் எந்த எண்ணையும் தொடவில்லை. கேள்விக்குப் பக்கத்தில் சின்னப் பச்சைக் கட்டம் விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது.