தலை சாய்த்த சூசையப்பர்

சிலை செய்தபோது எங்கள் மர்பி டவுன் வீட்டில் இருந்தவர்கள் நான், என் மனைவி ஃபிலோமினா, மருமகள் கேரல், பக்கத்து வீட்டு டிரேவர் ஆகிய நால்வர் மட்டுமே.

மாதா கோவில் கிறிஸ்துமஸ் குடிலுக்கு, இயேசுவின் வளர்ப்புத் தந்தையான சூசையப்பரின் சிலையைத் தருவது என் தகப்பனார் காலம் முதல் எங்கள் குடும்பத்தின் உரிமை. பழைய சிலை உடைந்துபோனது. காகிதத்தில் உருவங்கள் செய்யும் கேரலிடம் கற்று, நானே புதிதாகச் செய்யத் தொடங்கினேன்.

“மாமா, ஒரு சுத்து பேப்பர் நல்லா காயாம அடுத்தது ஒட்டாதீங்க,” என்று அவள் மூன்று முறை சொன்னாள்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டே நாள். என்னால் உட்கார முடியவில்லை. ஃபேனை இழுத்து வைப்பதும், சிலையின் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பதுமாக இருந்தேன்.

“அது காயறதுக்குள்ள நீங்க காஞ்சி போயிடுவீங்க,” என்றாள் ஃபிலோமினா.

“பேசாம கடையில வாங்கிடுங்க அங்கிள்,” என்று டிரேவர் சிரித்தான்.

“எங்க வீட்டு சூசையப்பர் கடைச்சரக்கு இல்லடா!”

கேரல் வெளியே போன நேரத்தில், ஈரத்தின் மேலேயே நான்கு சுற்றுக் காகிதம் ஒட்டி, வண்ணமும் பூசிவிட்டேன்.

கிறிஸ்துமஸ் காலைப் பூசையின் நடுவே, குடிலில் வைத்திருந்த சூசையப்பரின் தலை மெல்லச் சாய்ந்து, தொட்டிலில் இருந்த இயேசு பாலனைப் பார்த்து நின்றது. சிலர் அழுதபடி முழந்தாளிட்டார்கள்.

அது அற்புதம் என்றும், எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த வரம் என்றும் அல்சூர் வரை பேசுகிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. கழுத்துக்குள் பசை காயவில்லை. மருமகள் சொன்னதை நான் கேட்கவில்லை.