பேனரிலிருந்து இறங்கிய முதலாளி

புதுச்சத்திரம் கைத்தாங்கல் இல்லத்தின் வாசலில் கட்டியிருந்த பிளெக்ஸ் பேனரிலிருந்து, ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி முதலாளி சென்னிமலை ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் இறங்கி உள்ளே வந்தார். அசல் சென்னிமலை அந்த நேரம் திருச்செங்கோட்டில் ஏசி அறையில் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். வந்தவர் பேனரில் எப்படி இருந்தாரோ அப்படியே இருந்தார். ஒன்பதடி உயரம், அப்பளத்தின் கனம், சலவை வெள்ளைச் சட்டை, கும்பிட்ட கை, பல் அத்தனையும் தெரியும் சிரிப்பு. காற்றில் கிழியாமலிருக்க, பேனர் கட்டினவர்கள் அவர் நெஞ்சில் பிறை பிறையாகக் கீறல் போட்டிருந்தார்கள். அதன் வழியே பின்னாலிருந்த சுவர் தெரிந்தது. முதுகுப் பக்கம் வெறும் வெள்ளை. இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் வசந்தாமணி அடுப்பில் பால் வைத்திருந்தாள். "கதவு நெலவு தலையில இடிக்குமுங்க, குனிஞ்சு வாங்க" என்று மட்டும் சொன்னாள். பால் பொங்குகிற நேரத்தில் யார் வந்தாலும் அவள் அவ்வளவுதான் சொல்லுவாள்.

இல்லத்தில் வயதானவர்களும் உடல் ஊனமுற்றவர்களுமாக இருபது பேர் இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு யாராவது தூக்கி உட்கார வைத்தால்தான் பொழுது விடியும். ரிக் கம்பெனியும் இல்லமும் கைகோத்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஒவ்வொரு வருஷமும் முதலாளி பிறந்தநாளன்று பேனர் வரும், மைக் செட் வரும், ஆரஞ்சுப் பழம் வரும், வீல் சேர் வரும். ஆறு வருஷத்தில் ஆட்களைவிட வீல் சேர் பெருகிவிட்டது. ஒன்றில் வத்தல் காய்ந்தது, ஒன்றில் கோழி அடைகாத்தது, ஒன்றில் கேஸ் சிலிண்டர் ராஜா மாதிரி உட்கார்ந்து வாசலுக்கும் சமையலறைக்கும் போய்வந்தது. மனிதரைத் தூக்கி அதில் உட்கார வைக்க மட்டும் வசந்தாமணியின் இடுப்பைத் தவிர வேறு ஏற்பாடு இல்லை. அந்த இடுப்பும் இரண்டு வருஷமாகத் தகராறு செய்துகொண்டிருந்தது. தான் படுத்துவிட்டால் அந்தப் பத்துப் பேரும் படுத்தது படுத்தபடி கிடப்பார்களே என்கிற பயத்திலேயே அவள் தினமும் எழுந்தாள்.

ஒவ்வொரு விழாவிலும் அவள் கம்பெனியின் தர்ம காரியங்களைக் கவனிக்கும் சி.எஸ்.ஆர். மேனேஜர் பிரபாகரிடம், தூக்கிவிட ஒரு ஆள் போட்டுக் கொடுங்கள் என்று கேட்பாள். அவனும் மரியாதையாகவே பதில் சொல்லுவான். "பொருளுக்குத்தானுங்க மேடம் பட்ஜெட் இருக்குது. ஆளுக்கு இல்லைங்க. வீல் சேருன்னா பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கலாம். ஆளை வேலைக்குப் போட்டா, ஆரு எவருன்னு மேல கேப்பாங்க." சொல்லிவிட்டு அடுத்த வருஷத்துக்கு இன்னும் இரண்டு வீல் சேர் எழுதிக்கொண்டு போவான்.

ஆகவே பேனர்க்காரர் வந்ததை வசந்தாமணி அதிசயமாகப் பார்க்கவில்லை, தாமதமாக வந்த ஆளாகப் பார்த்தாள். கும்பிட்ட கையை அவரால் பிரிக்க முடியவில்லை, அச்சு அப்படி. கரண்டியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே சொருகினால் கஞ்சி கிண்டினார். ஆளைத் தூக்குவதற்கு அந்தக் கையே தோதாக இருந்தது. கை இரண்டும் சேர்ந்து ஒரு வளையம் ஆகியிருந்ததால், வளையத்தைத் தலைவழியே மாட்டி, அக்குளுக்குக் கீழே கொடுத்து நிமிர்ந்தால் எப்பேர்ப்பட்டவரும் தொட்டிலில் ஏறின மாதிரி ஏறி வந்துவிடுவார். குளிப்பாட்டினால் அவர் சட்டை நனையாது. ஆடிக்காற்று வீசும்போது மட்டும் இடுப்பில் கயிறு கட்டி வேப்பமரத்தில் முடிந்து வைப்பார்கள். வாசலில் பேனர் அவர் வடிவத்துக்கு ஓட்டையோடு நின்றது. "வருக வருக" என்ற எழுத்துக்கு நடுவே சேலம் போகும் பஸ்கள் தெரிந்தன.

இல்லத்திலேயே கனமான ஆள் சங்ககிரி செங்கோடன். முப்பது வருஷம் லாரி ஓட்டியவர், இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை, வாய்க்கு மட்டும் குறைவில்லை. முதல் தடவை தூக்கியபோதே, "மெதுவாங்க முதலாளி, நானென்ன உங்க ரிக் பைப்பா?" என்று சத்தம் போட்டார். மறுநாளிலிருந்து வேறு யார் தூக்கினாலும் வரமாட்டேன் என்றார்.

இதற்கெல்லாம் கூலியைத் திருச்செங்கோட்டில் அசல் சென்னிமலை கொடுத்துக்கொண்டிருந்தார். பேனருக்குக் கொடுத்த போட்டோ பதினைந்து வருஷம் பழையது. அந்தக் கறுப்பு மீசைக்காரன் அங்கே ஆளைத் தூக்கத் தூக்க, நரைத்த மீசைக்காரருக்கு இங்கே உடம்பு பிடித்துக்கொண்டது. காலை ஆறு மணிக்கு இடது இடுப்பு, கொஞ்ச நேரத்தில் வலது தோள், பிறகு கழுத்து. கை இரண்டும் பினாயில் வாடை அடித்தது. ஈரோட்டு டாக்டர்கள் எல்லாப் படமும் எடுத்துப் பார்த்துவிட்டு, மூட்டை தூக்குகிற வேலையை விடச் சொன்னார்கள். தன் கைப்பெட்டியைக்கூடத் தூக்காத மனிதருக்கு அழுகை வந்துவிட்டது. கடைசியில் பிரபாகர்தான் பேனரிலிருந்து இறங்கினவர் இல்லத்தில் ஆள் தூக்குகிற விஷயத்தைச் சொன்னான். அன்று மத்தியானமே சென்னிமலை மனைவி சௌந்தர்யாவோடும் கயிறு வைத்திருந்த இரண்டு ஆட்களோடும் புதுச்சத்திரம் வந்து இறங்கினார்.

"இது என்ற மூஞ்சிங்க" என்றார் வசந்தாமணியிடம். "என்னைக் கேக்காம என்ற மூஞ்சிய வெச்சு வேலை வாங்கறீங்களே, நாயமுங்களா?"

ஆட்கள் பேனர்க்காரரைச் சுவரோடு நிறுத்தி வரிந்து கட்டினார்கள். அவர் சிரித்துக்கொண்டே நின்றார். வசந்தாமணி வரிசையாகக் கிடந்த கட்டில்களைப் பார்த்தாள். நாளைக் காலையிலிருந்து மறுபடியும் அந்த இடுப்பு, அந்தக் கட்டில்கள். சண்டை போடலாம் என்று வாயைத் திறந்தாள், வந்தது வேறு.

"கூட்டிட்டுப் போங்க சாமி. உங்க ஆளு. போறதுக்கு முன்னால செங்கோடய்யாவ மட்டும் சேர்ல உட்கார வெச்சுட்டுப் போங்க. மூத்தரப் பை நெறைஞ்சிருக்குது, இவங்க தூக்கற ஆளைக் கட்டிப் போட்டுட்டாங்க."

மரியாதைக்காகச் சென்னிமலை குனிந்தார். செங்கோடனின் அக்குளுக்குள் கை கொடுத்தார். ஒரு தம் பிடித்தார். கட்டில் முனகியது, செங்கோடன் அசையவில்லை, சென்னிமலையின் இடுப்பு மட்டும் படக்கென்று பிடித்துக்கொண்டது. குனிந்தவர் குனிந்தபடியே நின்றார். "ஐயோ, என்றமேல உழுந்துராதீங்க" என்று செங்கோடன் கத்தினார். அப்போது பேனர்க்காரர் பக்கவாட்டில் திரும்பினார். பக்கவாட்டில் அவர் வெறும் கோடுதான். கயிறு தானே கழன்று விழுந்தது. நடந்து வந்து, வளையத்தை இருவர் தலைக்கும் சேர்த்து மாட்டி, இருவரையும் ஒன்றாகத் தூக்கினார். தரைக்கும் விட்டத்துக்கும் நடுவே, தன் கைக்குள்ளேயே தான் தொங்கியபடி, சென்னிமலை தன் சிரிப்பை வெகு பக்கத்தில் பார்த்தார். பிறகு செங்கோடன் சேரிலும் சென்னிமலை கட்டிலிலும் இறக்கப்பட்டார்கள். சிறு குழந்தைக்கு இழுத்துவிடுவது போல சென்னிமலையின் வேட்டியைச் சரியாக இழுத்துவிட்டாள் வசந்தாமணி. அவர் படுத்தபடியே பேனர்க்காரரை அண்ணாந்து பார்த்தார்.

"இருக்கட்டுங்க" என்றார். "அவரு இங்கயே இருக்கட்டுங்க."

பிளெக்ஸ் என்பது பொருள்தான், ஆள் இல்லை என்று பிரபாகர் கண்டுபிடித்ததால் பட்ஜெட்டிலும் சிக்கல் வரவில்லை. வெயிலில் சாயம் போனபோது நாமக்கல்லில் கொடுத்து மேலே சாயம் ஏற்றி வாங்கினார்கள். அதற்குப் பிந்தைய மூன்று வருஷத்தில் சென்னிமலைக்கு இல்லத்தின் ஆட்கள் எல்லாரும் உடம்பிலேயே பழகிவிட்டார்கள். இடது இடுப்பு செங்கோடன், வலது தோள் குப்பாயி, கழுத்து, வாய் பேசாத தமிழரசு. ஆறு மணிக்கு இடுப்பு பிடித்தால், "செங்கோடன் எந்திரிச்சாச்சு" என்று சொல்லிக் காப்பி குடிப்பார். வசந்தாமணி மத்தியானத்தில் ஒரு மணி நேரம் தூங்கப் பழகினாள்.

ஒரு மார்கழிக் காலையில் அவளுக்குப் போன் வந்தது. "ஏனுங்க, எடது இடுப்பு இன்னும் ஒண்ணுமே சொல்லலீங்களே" என்றார் சென்னிமலை. அவள் அடுப்பை அணைத்துவிட்டுச் சொன்னாள். "செங்கோடய்யா தூக்கத்துலயே போயிட்டாருங்க சாமி."

பிரபாகர் இல்லாமல், போட்டோக்காரர் இல்லாமல் அவரே காரை ஓட்டிக்கொண்டு வந்தார். பேனர்க்காரர் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தார். அச்சிட்ட சிரிப்பை அவரால் மாற்ற முடியவில்லை. அதனால் இரண்டு பேருக்குமாகச் சேர்த்துச் சென்னிமலையே வாசற்படியில் உட்கார்ந்து அழுதார். வசந்தாமணி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

தை பிறந்ததும் அந்தக் கட்டிலுக்குப் பரமத்தி வேலூரிலிருந்து ஒருவர் வந்தார். வெற்றிலைக் கொடிக்காலில் ஏணியிலிருந்து விழுந்து முதுகு போனவர். மறுநாள் காலை ஆறு மணிக்கு மேல் போன் அடித்தது.

"ஆருங்க புதுசா வந்திருக்கறது?"

"கொடிக்கால்காரருங்க சாமி. அன்பரசுன்னு பேரு. நல்ல கனமான ஆளுங்க."

"தெரியுதுங்க" என்றார் சென்னிமலை. தைலம் எடுத்து வரச் சொல்லி அவர் சௌந்தர்யாவைக் கூப்பிடுவது போனில் கேட்டது.