ஒயர் தெரியாத சுவர்

நெவிலுக்கு யாரும் புத்தி சொல்லவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். மகள் ஷெலி சொன்னாள், பக்கத்து வீட்டுக்காரர் கிளாரி சொன்னார். எங்கள் ஊர் வாரிலாவில் இருக்கிற கிழவர்களில் எவர் அடுத்தவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார், இவர் கேட்பதற்கு?

அவர் வீட்டு ஹாலில் ஐந்து ஸ்பீக்கர்கள். மூன்று முன்னால், டிவியை ஒட்டி. இரண்டு பின்னால், சோபாவுக்குப் பின்பக்க மூலைகளில். பின்னால் இருக்கிற இரண்டுக்கும் ஒயர் போக வேண்டுமே! டிவிக்குக் கீழிருந்து கிளம்பி, ஹாலைக் குறுக்கே கடந்து, கம்பளத்துக்கு அடியில் ஒரு புடைப்பாகப் போய்ச் சேரும். அதன்மேல் சாம்பல் நிற டேப்பை ஒட்டி, காலால் நாலு மிதி மிதித்து, வேலை முடிந்தது என்று மூன்று வருஷம் உட்கார்ந்திருந்தார் மனிதர்.

அவர் மனைவி கோரலுக்குப் பார்வை போய்க்கொண்டிருந்தது. நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஓரங்களில் மட்டும் நிழலாடும். டிவியில் ரக்பி ஆட்டம் ஓடினால் அவளுக்கு வெறும் சத்தம்தான். அந்தச் சத்தமாவது நன்றாக இருக்கட்டும் என்றுதான் நெவில் அந்த ஐந்தையும் வாங்கி வந்து பொருத்தினார். "எப்படி இருக்கு, கோரல்?" என்று கேட்டார். "மைதானத்துலயே உக்காந்த மாதிரி இருக்குப்பா" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தில் கிழவருக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லி முடித்தார்.

ஜனவரியில் ஒரு நாள், தேநீர்க் கோப்பையோடு வந்த கோரல் அந்த டேப்பில் கால் தடுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரியில் எலும்பைச் சேர்த்து, நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கவும் பழக்கினார்கள். வீட்டுக்கு அனுப்பும் முன் வீடு எப்படி இருக்கிறது என்று பார்த்து வர ஒரு பெண்ணை அனுப்பினார்கள். மெலிண்டா என்று பெயர். சிரித்த முகம், ஆனால் கண் எல்லாவற்றையும் மேயும். குளியலறையில் கைப்பிடி, கட்டிலின் உயரம், வாசல் படி எல்லாம் பார்த்துவிட்டு ஹாலுக்கு வந்தவள் அந்த டேப்பின் முன்னால் நின்றுவிட்டாள்.

"இங்கதானே விழுந்தாங்க?"

"ஆமா. புது டேப் ஒட்டிடறேன்."

"நெவில், டேப்பெல்லாம் ஆகாதுங்க. தரையில ஒரு ஒயர்கூட இருக்கக் கூடாது. அடுத்த வாரம் திரும்பி வர்றேன். அப்பவும் இப்படியே இருந்தா, நான் அவங்களை இங்க அனுப்பச் சொல்லி எழுத மாட்டேன். முதியோர் இல்லத்துலதான் இடம் பாக்கச் சொல்வேன். மன்னிச்சுக்கோங்க."

அவள் போனதும் ஷெலி பிடித்துக்கொண்டாள். "அப்பா, அந்தப் பின்னாடி ரெண்டையும் கழட்டி வெளிய போடுங்க. அஞ்சு நிமிஷ வேலை."

"உங்கம்மாவுக்கு மிச்சம் இருக்கறதே அதுதாண்டி. கண்ணும் போச்சு, இடுப்பும் போச்சு, காதுல விழற சந்தோஷத்தையும் நான் பிடுங்கணுமா?"

"அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேக்கறதுக்கு என்ன இருக்கு? அவ வாயாலயே சொன்னவ."

ஷெலி மூக்கை உறிஞ்சிக்கொண்டு காரை எடுத்துக்கொண்டு போனாள்.

ஆக, ஸ்பீக்கரும் இருக்க வேண்டும், ஒயரும் கண்ணில் படக் கூடாது. எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டார், ஈஸ்டருக்கு அப்புறம்தான் வர முடியும் என்றான். தரைப்பலகைக்கு அடியில் விடலாம், வீடு குட்டைத் தூண்மேல்தான் நிற்கிறது. ஆனால் அதற்கு வயிற்றால் ஊர்ந்து உள்ளே போக வேண்டும். நெவிலின் முழங்கால் இரண்டுமே மாற்றிவைத்தவை. கிளாரியை விட்டால் வயிறு மாட்டிக்கொள்ளும், அப்புறம் அவரை இழுக்கத் தீயணைப்பு வண்டி வர வேண்டும். சுவரோரமாகவே கொண்டு போகலாம் என்றால் வழியில் இரண்டு கதவுகள். மிச்சம் இருந்தது கதவுகளுக்கு மேலாகச் சுவருக்குள் விடுவது.

இங்கேதான் விதி சிரித்தது என்று சொல்ல எனக்கு ஆசை. விதி என்ன விதி! எங்கள் ஊர் ஆம்பிளைகளின் திமிர் அது. தன் வீட்டில் தானே வேலை செய்யாதவன் இங்கே ஆண்பிள்ளையே இல்லை. சனிக்கிழமை காலையில் ஹார்டுவேர் கடை வாசலில் சுட்ட சாசேஜும் வெங்காயமும் ரொட்டியில் மடித்துத் தின்றுகொண்டே உள்ளே போவதும், தேவையில்லாத நாலு சாமானோடு வெளியே வருவதும் இங்கே கோயிலுக்குப் போகிற மாதிரி. நெவிலும் போனார், தின்றார், வந்தார்.

எங்கள் தெரு முழுக்க ஃபைப்ரோ வீடுகள். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அவசர அவசரமாகக் கட்டியவை. உள்ளேயும் வெளியேயும் மெல்லிய சிமெண்டு அட்டைதான் சுவர். அந்த அட்டைக்குள் ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்கிறது என்பதும், அதன் தூள் நெஞ்சுக்குள் போனால் ஆளைத் தின்றுவிடும் என்பதும் இங்கே பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். பெயிண்ட் அடித்து அப்படியே விட்டுவைத்தால் ஒன்றும் செய்யாது என்பதும் தெரியும். தெரிந்தே குடியிருந்து குடியிருந்து மறந்தும் போய்விடுகிறது. நெவில் நாற்பது வருஷமாக அந்தச் சுவரில் ஆணி அடித்துப் படம் மாட்டியவர். ஒரு தும்மல்கூட வந்ததில்லை.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கிளாரி எட்டிப் பார்த்தார். நெவிலின் கையில் கிரைண்டர் இருந்தது, இரும்பையே அறுக்கிற சுழல் தகடு போட்டது.

"டேய் நெவ், அது ஃபைப்ரோடா."

"எனக்கு எழுபத்தாறு வயசு. என் வீட்டுச் சுவர் எதுன்னு நீ சொல்லித் தர்றியா?"

"வெட்டாதடா. ஆபத்துடா."

"மாஸ்க் போட்டுக்கறேன்."

கொரோனா காலத்தில் வாங்கி மிச்சமிருந்த காகித மாஸ்க். அதைத்தான் காதில் மாட்டிக்கொண்டார்.

முதலில் மேலே ஒரு துளை, கீழே ஒரு துளை போட்டு ஒயரை உள்ளே விட்டுப் பார்த்தார். சுவருக்குள் குறுக்குச் சட்டங்கள் இருந்தன, ஒயர் நகரவில்லை. சரி, நீளவாக்கில் அறுத்தே தீருவது என்று கிரைண்டரை வைத்தார். பிப்ரவரி மாதத்து வெயில் வேறு, அடுப்பாக எரிந்தது. உத்தரத்து மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டார். மாவு மில்லில் நின்றது போல ஹால் வெளுத்தது. இருமிக்கொண்டே அறுத்தார். ஒயரைப் பதித்தார், பட்டி பார்த்தார், தேய்த்தார், பெயிண்ட் அடித்தார். கடைசியில் கோரல் துணி மடிக்கிற சோபாவிலிருந்து படுக்கையறை வரை வாக்குவம் போட்டுச் சுத்தமாகத் துடைத்தும் வைத்தார். அந்த மிஷின் முன்பக்கத்தால் உறிஞ்சியதைப் பின்பக்கத்தால் வீடெல்லாம் ஊதிக்கொண்டிருந்தது அவருக்கு எங்கே தெரியும்?

வேலை என்னவோ அற்புதம். பொய் சொல்லக் கூடாது. கையால் தடவினால்கூட அறுத்த இடம் தெரியவில்லை. கம்பளத்தைச் சுருட்டி எறிந்துவிட்டார், வெறும் பலகைத் தரை பளபளவென்று கிடந்தது. டிவியைப் போட்டார். ஏதோ பழைய ஆட்டம். பின் மூலைகளிலிருந்து கூட்டம் ஹோவென்று எழுந்தபோது சோபாவில் தனியாக உட்கார்ந்திருந்த நெவில் வாய்விட்டு அழுதார். அவள் வந்துவிடுவாள் என்ற சந்தோஷம் அது. அந்த வீட்டில் கடைசியாக வந்த சந்தோஷமும் அதுதான்.

மெலிண்டா சொன்னபடி வந்தாள். ஹாலுக்குள் கால் வைத்தவள் அப்படியே நின்றாள்.

"அடேங்கப்பா! ஒயரெல்லாம் எங்க போச்சு?"

"கண்டுபிடிங்க பாப்போம்."

அவள் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கண்டுபிடிக்க முடியவில்லை. "நீங்க பெரிய ஆளுங்க, நெவில். என் வீட்டுக்கும் வந்து செஞ்சு குடுங்களேன். வெள்ளிக்கிழமையே அவங்களைக் கூட்டிட்டு வந்துடலாம்" என்றாள்.

அத்தோடு வாயை மூடிக்கொண்டிருந்தால்! புகழ்ந்த வாயை இன்னும் கொஞ்சம் புகழவைக்க வேண்டும் என்று இவருக்குத் தோன்றியது. ஒயர் எந்த வழியாக ஓடுகிறது என்று விரலால் கோடு போட்டுக் காட்டினார். மூலையில் கிடந்த கிரைண்டரையும் தூக்கிக் காட்டினார்.

"இதாலதான் அறுத்தேன். ஒரே நாள்ல முடிச்சுட்டேன்."

மெலிண்டாவின் சிரிப்பு போய்விட்டது. "இது ஃபைப்ரோ வீடுதானே?"

"ஆமா."

அவள் திரைச்சீலைக் கம்பியைப் பார்த்தாள். விசிறி இறக்கைகளைப் பார்த்தாள். எல்லாவற்றின்மேலும் மெல்லிசாக ஒரு வெள்ளைப் படலம். "வெளிய வாங்க, நெவில். எதையும் எடுக்காதீங்க. இப்பவே வெளிய வாங்க."

இருவரும் புல்லில் நின்றார்கள். அவள் யாருக்கோ போன் செய்தாள். நெவில் கையில் இன்னும் கிரைண்டர் இருந்தது. அதைக் கீழே வைக்கலாமா கூடாதா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

அப்புறம் நடந்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. வெள்ளை உடுப்புப் போட்ட ஆட்கள் வந்து தூளை எடுத்துப் பரிசோதித்தார்கள். வாசலை பிளாஸ்டிக் தாளால் மூடி ஒட்டினார்கள். மெத்தை, சோபா, திரைச்சீலை, கோரலின் அலமாரித் துணி அத்தனையும் இரட்டைப் பைகளில் கட்டிப் புதைக்கப் போயிற்று. சுவர்களையே பிரித்தெடுத்தால் ஒழிய வீட்டில் யாரும் குடியிருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நீங்களே அறுத்துக்கொண்டதற்கு நாங்கள் என்ன செய்ய முடியும் என்று காப்பீட்டுக்காரர்கள் கைவிரித்தார்கள். நெவிலின் நெஞ்சுக்குள் என்ன போயிற்று என்பது இருபது வருஷம் கழித்துத்தான் தெரியும் என்றார் டாக்டர். "அப்ப எனக்குத் தொண்ணூத்தாறு. தெரிஞ்சா தபால் போடுங்க" என்றார் நெவில். டாக்டர் சிரிக்கவில்லை.

கோரலுக்கு ஏரிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் படுக்கை காலியானது. அன்றைக்கே ஒப்புக்கொள்ளாவிட்டால் வேறு யாருக்காவது போய்விடும் என்றார்கள். ஷெலி ஒப்புக்கொண்டாள். நெவில் நடமாடுகிற ஆள், அவருக்கு அங்கே இடம் கிடையாது. கிளாரி வீட்டுக் கொல்லையில் ஒரு பழைய கேரவன் நின்றது, அதில் போய் விழுந்தார். கிளாரி ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. அது குத்திக் காட்டுவதைவிட மோசமாக இருந்தது.

கோரலிடம் மட்டும் யாரும் உண்மையைச் சொல்லவில்லை. "பெயிண்ட் வேலை நடக்குது, வாசனை போகட்டும்" என்று நெவில் தினமும் ஒரு பொய் சொன்னார். மார்ச் பாதி போயிற்று. ஒரு பிற்பகல் அவர் போய் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்ததும் அவளே ஆரம்பித்தாள்.

"ஷெலி எல்லாத்தையும் சொல்லிட்டா."

நெவில் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்தது அவளுக்குத் தெரியாது என்று ஞாபகம் வந்து, "சரி" என்றார்.

"என் நீலக் கோட்டுமா போச்சு?"

"எல்லாம் போச்சு, கோரல்."

"இனி அந்த வீடு இல்லை. அப்படித்தானே?"

"இல்லை."

கூடத்தில் யாரோ ஒருவர் ஒரே பாட்டின் முதல் வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பின்னாடி இருக்கறதைக் கழட்டித் தூர எறிஞ்சிருக்க வேண்டியதுதானே, மனுஷா?"

"அது உனக்குப் பிடிக்குமேன்னுதான். மைதானத்துல உக்காந்த மாதிரி இருக்குன்னு நீதானே சொன்ன?"

"நீ கேட்ட. நான் சொன்னேன். அவ்வளவு ஆசையா பெட்டியைப் பிரிச்சு, ஏணி மேல ஏறி மாட்டிட்டு வந்து கேட்டா வேற என்ன சொல்வேன்?" கோரலின் குரல் உயர்ந்தது. "எனக்கு அது அறவே பிடிக்காது, நெவ். கண்ணு தெரியாதவ முதுகுக்குப் பின்னாடி திடீர்னு கூட்டமா கத்தினா எப்படி இருக்கும்? ஒவ்வொரு தடவையும் தூக்கிவாரிப் போடும். மூணு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"ஒரு தடவை சொல்லியிருக்கலாமே."

"ஒரு தடவை கேட்டிருக்கலாமே. இடுப்பு முறிஞ்சு கிடந்தப்பகூட, கழட்டட்டுமான்னு நீ ஒரு வார்த்தை கேப்பேன்னு பாத்தேன்."

நெவிலுக்கு அழுகையும் வரவில்லை. ஒரு ஸ்குரூ டிரைவர், அஞ்சு நிமிஷம் என்று மட்டும் மனசு சொல்லிக்கொண்டே இருந்தது.

சாயங்காலச் சாப்பாடு வந்தது, ஒரு தட்டு. பணிப்பெண், "நெவில், நீங்க கிளம்பலாமே, சாப்பாட்டு நேரம்" என்றாள். அவர் இறைச்சியைச் சின்னச் சின்னதாக வெட்டிவைத்தார். முள்கரண்டியை அவள் கையில் பிடிக்கவைத்து, உருளைக்கிழங்கு எந்தப் பக்கம், பட்டாணி எந்தப் பக்கம் என்று சொன்னார். கோரல் பட்டாணியைத் தேடிக் குத்தினாள், அது உருண்டு ஓடியது.

"நாளைக்கு வருவியா?"

"வருவேன்."

"இந்த ரூம்ல கதவு எங்க இருக்கு? எனக்கு இன்னும் பிடிபடலை."

நெவில் திரும்பிப் பார்த்தார். "உனக்குப் பின்னாடி."

"அப்ப போகும்போது சத்தம் போடாமப் போ."

அவர் குனிந்து ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, காலுறையோடு நடந்து வெளியே போனார்.