சூடு ஆறாத குப்பி

அந்தக் குப்பியை என் கணவர் முதல்முறை ஐஸ் பெட்டியில் வைத்துத்தான் கொண்டுபோனார். அவர் இறந்து இரண்டு வருடமாகிறது. இன்றும் அதை நினைத்தால் சிரிப்பு வரும்.

மீனும் பழமும் வைக்கிற குளிர்கிடங்கில் அவர் மேற்பார்வையாளர். கெடாமல் இருக்க வேண்டியது எதுவானாலும் குளிரில் இருக்க வேண்டும் என்பது அவர் ரத்தத்தில் ஊறிய விஷயம். மருத்துவமனை அறையில், கதவுக்கு வெளியே ஆட்கள் பேசுகிற சத்தத்தில், பரிசோதனைக்கு விந்து எடுத்துக் கொடுக்க அவரால் முடியவில்லை. "வீட்டிலேயே எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவாருங்கள்" என்றார்கள். கொண்டுபோனார்.

அறிக்கையில் 'விந்தணுக்களில் அசைவு இல்லை' என்றிருந்தது. மனிதர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வீட்டில் மூச்சு விடவில்லை.

கல்யாணமாகி ஏழு வருடம். என் பரிசோதனைகள் எல்லாம் சரியாகவே இருந்தன. மாமியார் மட்டும் நம்பவில்லை. "ஞாயித்துக்கிழமை பெரியவன் வர்றான். உன்னைக் கொண்டுபோய் உங்கம்மா வீட்டுல விட்டுட்டு வரட்டும். இவனுக்கு வேற இடம் பாக்கணும்" என்று சொல்லிவிட்டார். பெரியவன் என்றால் என் கணவரின் அண்ணன்.

வியாழக்கிழமை டாக்டரம்மா அறிக்கையைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"எப்படிக் கொண்டுவந்தீங்க?"

"ஐஸ் பெட்டியில மேடம். நாலு டிகிரி. ஒரு டிகிரி ஏறல."

பக்கத்தில் நின்ற ஆய்வகப் பெண் உதட்டைக் கடித்தாள். "ஏன் சார், மீனா கொண்டுவர்றீங்க?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "குளிர் பட்டா அசைவு நின்னுடும். உடம்புச் சூட்டுலயே வரணும். எனக்கு இன்னொரு டெஸ்ட் பண்ணணும், அதுக்கு அசையற அணுக்கள் வேணும். சனிக்கிழமை கொண்டுவாங்க."

சனிக்கிழமை குப்பியை நானே வாங்கிக்கொண்டேன். கைக்குட்டையில் சுற்றி, வயிற்றோடு சேர்த்துத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் அவர் பின்னால் உட்கார்ந்தேன். பாதி வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி, ஆடி அசைந்து போனது.

"எவ்ளோ நேரமாச்சு?"

"முப்பத்தொன்பது நிமிஷம்" என்றார். பிறகு பெட்டிகளை எண்ண ஆரம்பித்தார். "இருபத்தாறு, இருபத்தேழு..."

"எண்ணாதீங்க. வயித்தைக் கலக்குது."

"கலக்காத. உள்ள ஆள் இருக்கு."

அந்த நிலையிலும் அவருக்கு அந்தக் குசும்பு. ஐம்பத்திரண்டாவது நிமிடம் குப்பி ஆய்வகப் பெண்ணின் கைக்குப் போனது. அவள் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, "சூடு இருக்கு" என்றாள்.

சற்று நேரத்தில் எங்களை உள்ளே கூப்பிட்டு நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னாள். உயிர் இருந்தது, நிறையவே இருந்தது. ஆனால் தலையோடு தலை ஒட்டி, ஐந்தும் ஆறுமாகக் கொத்துக் கொத்தாகச் சிக்கிக்கிடந்தன. வால்கள் மட்டும் துடித்தன. ஒன்றும் நகரவில்லை.

"எண்ணிக்கையில குறை இல்ல" என்றார் டாக்டரம்மா. "ஆனா பெரும்பாலான அணு மேல உங்க உடம்பே தயாரிச்ச எதிர்ப்பொருள் ஒட்டியிருக்கு. கிருமி வந்தா உடம்பு என்ன பண்ணுமோ, அதைச் சொந்த அணுகிட்டயே பண்ணுது. யாரோ அந்நியன்னு நினைச்சுப் பிடிச்சு வெச்சிருக்கு."

"அது ஏன் மேடம் அப்படி நினைக்குது?"

"அணு உருவாகற இடத்துக்கும் ரத்தத்துக்கும் நடுவுல ஒரு தடுப்பு உண்டு. சில பேருக்கு அடிபட்டு அது உடைஞ்சிடும். உங்களுக்கு முன்ன எப்பவாவது அந்த இடத்துல பலமா அடிபட்டிருக்கா?"

"இல்ல மேடம்." கேள்வி முடிவதற்குள் பதில் வந்தது.

நான் அவரைப் பார்த்தேன். மேசைக்கு அடியில் என் காலை அழுத்தினார்.

கல்யாணமான புதிதில் ஒருமுறை சொல்லியிருந்தார். பதினேழு வயதில் மதில் மேல் நின்றிருந்தபோது, ஏதோ வாய்ச்சண்டையில் அண்ணன் பிடித்துத் தள்ளியிருக்கிறார். கீழே இடுப்புயரத்தில் குறுக்கே போன இரும்புக் குழாயின் இருபக்கமும் கால் போய் விழுந்திருக்கிறார். பத்து நாள் வீக்கம். அண்ணன் அழுதுகொண்டே கெஞ்சியதில், அம்மாவிடம் சொல்வதில்லை என்று சத்தியம் செய்துகொடுத்துவிட்டார். காய்ச்சல் என்று சொல்லிப் படுத்தே கிடந்தாராம்.

வெளியே வராந்தாவில் அவரை நிறுத்தினேன். "நாளைக்கு நான் பெட்டி கட்டணுமா, இல்ல நீங்க வாயைத் திறப்பீங்களா?"

"அண்ணன் தாங்க மாட்டான்."

"நான் தாங்குவேன்னு உங்ககிட்ட யார் சொன்னா?"

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு டாக்டரம்மாவின் அறைக்குள் தனியாகப் போனார். திரும்பி வந்தபோது சட்டை முதுகு நனைந்திருந்தது. "வழி இருக்காம். ஒரே ஒரு அணுவை எடுத்துக் கருமுட்டைக்குள்ள வெப்பாங்களாம்" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை என் பெட்டி கூடத்தின் நடுவில் இருந்தது. மாமியாரே எடுத்து வைத்திருந்தார். அண்ணன் கார் சாவியை விரலில் சுழற்றியபடி, "கிளம்பலாமா?" என்றார்.

என் கணவர் அறிக்கையைப் பெட்டி மேல் வைத்தார். "அவ எங்கயும் போகல. கோளாறு என்கிட்ட."

"பொண்டாட்டி சொல்லிக்குடுத்ததை ஒப்பிக்காதடா" என்றார் மாமியார்.

"என் கண்ணால பாத்தேன்மா. பதினேழு வயசுல மதில்ல இருந்து விழுந்தேன். அப்ப பட்ட அடி."

சாவியின் சத்தம் நின்றது.

"எப்படா விழுந்த? எனக்குத் தெரியாம?"

அவர் அண்ணனைப் பார்க்கவே இல்லை. நான் பார்த்தேன். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"ஏறி நின்னேன். கால் வழுக்கிடுச்சு."

மாமியார் பெரிய மகன் பக்கம் திரும்பினார். "உனக்காவது தெரியுமாடா?"

அண்ணன் சாவியைப் பையில் போட்டார். அறிக்கையை எடுத்துத் தம்பியின் கையில் கொடுத்துவிட்டு, என் பெட்டியைத் தூக்கினார். வாசலுக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். மாமியாரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், வழிவிட்டு ஒதுங்கினார். அவர் எங்கள் அறைக்குள் போய்க் கட்டிலுக்கு அடியில் பெட்டியைத் தள்ளிவிட்டு வந்தார்.

"இனிமே இந்தப் பேச்சு வேண்டாம்மா" என்றார். குரல் பிசிறியது.

மாமியார் கடைசிவரை அதை 'வழுக்கி விழுந்த அடி' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். எங்களுக்கு மகள் பிறந்தபோது தொட்டில் வாங்கி வந்தவர் பெரியப்பாதான். என் கணவரை எடுத்துப்போன அன்று, எல்லோரும் கிளம்பிய பிறகு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"டாக்டர்கிட்டயாவது சொன்னானா, யார் தள்ளினாங்கன்னு?"

"எனக்குத் தெரியாது" என்றேன். அது உண்மைதான்.