வினோதாவின் விலாசம்

1

இந்தக் கதை ஓர் அறிக்கையாகத்தான் பிறந்தது. ஒளிப்பானேன்?

என் தங்கை ஷெரோமி, வட்டவளைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் புள்ளக் காம்பராவில் வேலை செய்கிறாள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் அறை அது. மாலையில் அவர்கள் குழந்தைகளை எடுத்துப்போனதும், அதே பாயில், ஆற்றோரத்தில் கூடாரம் போட்டிருந்த குறவர் பிள்ளைகள் ஏழு பேரை உட்கார வைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். பென்சிலும் கொப்பியும் கொடுத்த நிறுவனம், இரண்டு பக்கத்தில் ஒரு 'வெற்றிக் கதை' அனுப்பச் சொல்லியிருந்தது.

"அண்ணே, நீங்கதான் கத எழுதுவீங்களே. எழுதித் தாங்க."

பத்திரிகையில் மூன்றே மூன்று கதை வந்தவனிடம் இப்படிக் கேட்டால் கேட்கவா வேண்டும்? தலைகால் புரியாமல் உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "பனிப்போர்வைக்குள் உறங்கும் எழில்மிகு மலையகத்தில்—"

வேண்டாம். நாலு நாளாகத் துணி காயாத ஊரில் இருந்துகொண்டு இப்படி எழுதினால் உதைக்க வருவார்கள்.

இரண்டாம் தொடக்கம்: "நாடோடிகளின் இருண்ட வாழ்வில் கல்வி என்னும் ஒளி—"

ஷெரோமி தாளைப் பிடுங்கிவிட்டாள். "அவங்க வாழ்க்க இருட்டுன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா? வேலாயி அக்கா முன்னுக்கு இத வாசிப்பீங்களா?"

வாசிக்க மாட்டேன். எனக்கு உயிர்மேல் ஆசை இருக்கிறது.

மூன்றாவது: வேலாயி ஹட்டன் பஸ் நிலையத்தில் கைரேகை பார்ப்பவர். ஏழு பேரில் மூத்தவள், அவர் மகள் வினோதாவுக்கு வயது ஆறு. இந்த வருடம் முதலாம் வகுப்பில் சேராவிட்டால், புள்ளக் காம்பராவில் படித்த ஒன்றரை வருடமும் வீண்.

இது இருக்கட்டும்.

(அடிக்குறிப்பு போல ஒன்று: குறவர் என்பது அவர்களே சொல்லிக்கொள்ளும் பெயர். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழும் சிங்களமும். ஆறு வயதில் வினோதாவுக்கு மூன்று பாஷை தெரியும். எனக்கு இரண்டரை.)

3

வேலாயியை எழுத வரவில்லை. முதல் பிரதியில் இரண்டு இடத்தில் அழவைத்தேன். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. கூடாரம் போட்ட இடங்களிலெல்லாம் விரட்டப்பட்டவர் அவர். கையில் ஃபைலோடு யாராவது வந்தால் இரவோடு இரவாகக் கிளம்பிவிடுவார்கள், மறுநாள் அந்த இடத்தில் அடுப்புச் சாம்பல்தான் மிஞ்சும் என்று ஷெரோமி சொல்வாள். றொசல்லை ஊருக்குக் கீழே ஆற்றோரத்தில் அவர்களுடைய ஆறு குடும்பமும் ஒன்றரை வருடம் தங்கியதே பெரிய விஷயம்.

பள்ளிக்கூட அதிபர் கிறிஸ்டியன் சேரை வில்லனாக்கிப் பார்த்தேன். அதுவும் சரிவரவில்லை. பிள்ளையைச் சேர்க்க அவருக்கு விருப்பம்தான். ஆனால் விண்ணப்பத்தில் 'நிரந்தர விலாசம்' என்றொரு கட்டம் இருந்தது. போதாததற்கு, பெற்றார் சங்கத்துப் பொன்னையா வந்து, கூடாரத்துப் பிள்ளைகளோடு எங்கள் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். (இதை எழுதும்போது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது. தோட்டத்து ஆட்களை டவுனில் எப்படிப் பார்த்தார்கள் என்று, லயத்து வரிசை வீட்டில் வாழும் பொன்னையாவுக்குத் தெரியாதா?)

விண்ணப்பத்துக்குத் திங்கட்கிழமை கடைசி நாள்.

4

இனி என் குட்டு.

சனிக்கிழமை ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஆற்றோரம் போனேன். எல்லாம் தெரிந்தவன் மாதிரி வேலாயிக்கு விளக்கினேன்.

"பள்ளிக்கூடத்துக்கு யாரு கிட்ட இருக்காங்களோ அவங்களுக்குத்தான் மொத எடம். நீங்க ரொம்பத் தூரத்துல இருக்கீங்க."

"எவ்வளவு கிட்ட இருக்கணுங்கய்யா?"

"எவ்வளவு கிட்டயோ அவ்வளவு நல்லது."

தலையாட்டினார்.

ஞாயிறு பூசை முடிந்து ஷெரோமியும் நானும் ஆற்றோரம் போனபோது ஒரு கூடாரமும் இல்லை. அடுப்புக் கற்கள் மட்டும்.

"ஃபைலக் கொண்டு போகாதீங்கன்னு சொன்னேனா இல்லியா?" என்றாள். அவள் தைத்த பள்ளிக்கூட வெள்ளைக் கவுனை வினோதாவிடம் வெள்ளிக்கிழமைதான் கொடுத்திருந்தாள். நான் ஒரு பிள்ளையின் படிப்பைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

5

திங்கள் காலை ஏழரைக்கு அதிபரிடம் மன்னிப்புக் கேட்கப் போனோம்.

மைதானத்தில் ஆறு கூடாரம் நின்றது.

வலைப்பந்துக் கம்பங்களுக்கு நடுவே துணி காய்ந்தது. மணி அடிக்கும் முன்னமே, வெள்ளைக் கவுனோடு, காலைக் கூட்டம் நடக்கும் இடத்தில் வினோதா தனியாக நிமிர்ந்து நின்றாள். அதிபர் வேலாயி முன்னால் நின்றார்.

"கிட்ட இருக்கணும்னு அந்த ஐயாதான் சொன்னாரு. இதுக்கு மேல கிட்ட வரணும்னா வகுப்புக்குள்ளதான் சேர் அடுப்பு மூட்டணும்."

அதிபர் என்னைப் பார்த்தார். நான் குனிந்து என் கால் சப்பாத்தைப் பார்த்தேன். விலாசம் கேட்டால் நாம் அத்தாட்சிக் கடிதம் தேடி ஓடுவோம். அவர்கள் வீட்டையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

பொன்னையா மூச்சிரைக்க வந்தார். "இவங்கள ஒடனே கௌப்புங்க சேர்!"

"கௌப்பலாம். ஒங்களுக்குக் கடிதம் எங்க வருது பொன்னையா?" என்றார் அதிபர்.

"தோட்டத்து ஆபிசுக்கு."

"வீட்டு நம்பர்?"

"லயத்துக்கு ஏது சேர் நம்பர்?" சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

அதிபர் விண்ணப்பத்தை என் முதுகில் வைத்து, விலாசக் கட்டத்தில் எழுதினார்: வினோதா, மேற்பார்வை ஷெரோமி டீச்சர், புள்ளக் காம்பரா. "தோட்டத்து ஆளுங்களுக்கு ஆபிஸ் விலாசம்னா, இவங்களுக்கு இது விலாசம். எவன் கேக்குறான்னு பாக்குறேன்."

"அப்ப மைதானத்தயாச்சும் விடச் சொல்லுங்க சேர். புள்ளைங்க வெளையாட வேணாமா?" என்றார் பொன்னையா. அதற்கு மேல் அவரிடம் அன்று எதிர்பார்க்க முடியாது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. ஷெரோமி சிரித்துக்கொண்டே அழுதாள். முதல்நாளிலிருந்து நெஞ்சில் கிடந்த கல் இறங்கியதில், நான் பொன்னையாவைக்கூடக் கட்டிப்பிடித்திருப்பேன்.

6

முடிவுக்கு வருவோம்.

(அ) வினோதா படித்து டீச்சராகி, அதே பள்ளிக்கூடத்துக்கு—

"ஆறு வயசுதாண்ணே ஆகுது. அவள விடுங்க" என்றாள் ஷெரோமி.

(ஆ) ஒரு மழைக்காலத்தில் கூடாரங்கள் போய்விடுகின்றன. வகுப்பில் வினோதா உட்கார்ந்த கதிரை காலி. சோகமாக முடித்தால் பாராட்டு வரும் என்று எழுதினேன். வெட்கமாக இருந்தது, கிழித்துவிட்டேன்.

(இ) வேலாயியிடமே கேட்டேன். அவர்கள் திரும்ப ஆற்றோரத்துக்குப் போய் மூன்று மாதமாகிவிட்டது. வினோதா ஒரு நாளும் பள்ளிக்கூடம் தவறவில்லை.

"எவ்வளவு காலம் இங்க இருப்பீங்க?"

"தெரியாதுங்கய்யா. இருக்க விட்டா இருப்போம். போனாலும் போற ஊருல பள்ளிக்கூடம் இருக்குமில்ல? அங்கயும் கிட்டத்துல போயிக் கூடாரம் போடுவோம். சேத்துக்கிறதும் வெரட்டுறதும் அந்த ஊர்க்காரங்க கையிலதான் இருக்கு."

அது எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. உங்களுடையதாகவும் இருக்கலாம். அதனால் முடிவை நான் எழுதவில்லை. ஒரு காலையில் உங்கள் பிள்ளையின் பள்ளிக்கூட மைதானத்தில் ஆறு கூடாரம் நின்றால், மிச்சத்தை நீங்கள்தான் எழுத வேண்டும்.