கையில் எவ்வளவு நிற்கும்?

வாத்தியாரின் மனைவிக்கு வெளிநாட்டில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. எக்ஸ்ரே பிரிவு. அவளுடைய மாதச் சம்பளத்தை ஊர்க் காசுக்கு மாற்றிச் சொன்னால் கேட்பவர் ஒரு நிமிடம் வாயை மூட மறந்துவிடுவார். அப்படி மாற்றிச் சொல்வதையே ஊரில் ஒரு வேலையாக வைத்திருந்தார் அவருடைய சகலை. கல்யாண வீட்டுப் பந்தியில் இலை போடும்போதே ஆரம்பித்துவிடுவார். "எங்க கொழுந்தியா சம்பளம் தெரியுமா?" என்று.

அதே சகலை போனில் வாத்தியாரிடம் கேட்கிற கேள்வி வேறு. "என்ன சகலை, இன்னும் உக்காந்துதான் சாப்பிடுறீங்களா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்பார். வாத்தியாரும் சிரித்துவைப்பார். போனை வைத்த பிறகு சோறு இறங்காது.

ஊரில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவர் அவர். மனைவிக்கு இங்கே வேலை கிடைத்ததும் கூடவே கிளம்பி வந்தார். வந்த இடத்தில் அவர் படித்த படிப்பு செல்லவில்லை. ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலைக்குக் கூப்பிட்டார்கள். அந்தக் கூலியையும், மகளைப் பகல் முழுதும் பார்த்துக்கொள்ளக் காப்பகம் கேட்ட கட்டணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தார். இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே உயரத்தில் நின்றன.

"அப்ப நானே காப்பகம்" என்றார் மனைவியிடம். ஐந்து வருடமாக அப்படியே ஓடுகிறது.

வீட்டை நடத்துவது என்றால் சும்மா இல்லை. எந்தக் கடையில் எந்தக் கிழமை பால் விலை குறையும், ஹீட்டரைக் காலையில் எத்தனை நிமிடம் போட்டால் வீடு மதியம்வரை சூடு தாங்கும், மாதப் பஸ் பாஸ் எத்தனை நடை போனால் கட்டுப்படியாகும் என்று எல்லாம் அவருக்கு அத்துப்படி. முடி வெட்டக் கடைக்காரர் கேட்ட காசைக் கேட்டுவிட்டு, ஒரு கத்திரிக்கோல் வாங்கிவந்து தானே வெட்டப் பழகினார். முதல் தடவை மகளின் தலையைப் பார்த்த மனைவி, "எலி கடிச்ச மாதிரி இருக்கு" என்றாள். மூன்றாம் தடவை, அவளே தன் கூந்தலை அவரிடம் நீட்டினாள்.

இந்த நிலையில்தான் ஆஸ்பத்திரிக்கு ஊரிலிருந்து புதிதாக ஆள் எடுக்கும் ஏற்பாடு நடந்தது. நர்ஸுகள், லேப்காரர்கள், எக்ஸ்ரேகாரர்கள் என்று நாற்பது பேர். அங்கே ஒரு ஹோட்டல் கூடத்தில் எல்லாரையும் உட்காரவைத்து வீடியோ காலில் வாத்தியாரின் மனைவியைப் பேசவைப்பதாக முடிவாயிற்று. ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட் முன்தினமே போன் செய்தார்.

"மேடம், நீங்க ரொம்பப் பேச வேணாம். சம்பளத்த மட்டும் சொல்லிடுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

சனிக்கிழமை காலை. சமையலறை மேசையில் லேப்டாப்பை வைத்து, பின்னால் துணி காய்வது தெரியாமல் ஒரு போர்வையைத் தொங்கவிட்டு, மனைவி உட்கார்ந்தாள். வாத்தியார் கேமராவில் படாத மூலையில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மகள் தரையில் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

மனைவி சம்பளத்தைச் சொன்னாள். கூடத்தில் 'ஓ' என்று ஒரு சத்தம் எழுந்தது. ஏஜென்ட் கை தட்டினார். உடனே எல்லாரும் தட்டினார்கள்.

நாலாவது வரிசையில் நீலப் புடவை கட்டிய ஒரு பெண் எழுந்தாள். லேப் டெக்னீஷியனாம், இரண்டு பிள்ளைகளாம். மைக்கைப் பிடிக்கத் தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, சம்பளம் சரி. எல்லாம் போக, கையில எவ்வளவு நிக்கும்?"

"அதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும்மா, அடுத்த கேள்வி..." என்று ஏஜென்ட் குறுக்கே வந்தார்.

மனைவி ஒரு நொடி யோசித்தாள். பிறகு திரும்பி, "என்னங்க, இப்படி வாங்க" என்றாள்.

வாத்தியார் கத்தியோடு நின்றார். "நானா?"

"பின்ன? கையில எவ்வளவு நிக்குதுன்னு எனக்கா தெரியும்? சம்பாதிக்கிறதுதான் நான். அதுல குடும்பம் நடத்துறது நீங்க." அவள் திரையைப் பார்த்துச் சொன்னாள். "இவர் என் வீட்டுக்காரர். கணக்கு வாத்தியார். வீடு இவர் கையிலதான். இவர் சொல்றத எழுதிக்குங்க."

வெங்காயக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்தார். திரையில் நாற்பது முகம். சட்டென்று முதுகு நிமிர்ந்தது. தொண்டையைச் செருமினார்.

"எல்லாரும் பேப்பர் எடுங்க" என்றார். எடுத்தார்கள். "சம்பளத்த நூறுன்னு வச்சுக்குங்க. கைக்கு வர்றதுக்கு முன்னாடியே வரி இருபத்திரண்டு போயிடும். அழுதாலும் வராது. குடும்பத்தோட இருந்தா வீட்டு வாடகை முப்பத்தெட்டு. கரண்ட், தண்ணி, ஹீட்டர் எல்லாம் சேத்து ஏழு. சாப்பாடு பதினாலு. அதுவும் வீட்டுல சமைச்சா. வெளிய சாப்பிட ஆரம்பிச்சா நான் பொறுப்பில்ல. பஸ்ஸு நாலு. போனு, வருஷா வருஷம் வேலை லைசன்ஸ் புதுப்பிக்கிறது மூணு. குழந்தைக்கு அஞ்சு. கூட்டுங்க."

கூடத்தில் பேனாக்கள் ஓடின. "தொண்ணூத்தி மூணு" என்றது ஒரு குரல்.

"மிச்சம் ஏழு. அதுலதான் ஊருக்கு டிக்கெட்டு, வயசானவங்களுக்கு மருந்து, தங்கச்சி பிள்ளைக்குக் காதுகுத்து, எல்லாம். அப்ப வரவே கூடாதான்னு கேக்காதீங்க. தனியாளா வந்து மூணு பேர் சேந்து வீடு பிடிச்சா வாடகை பதினேழுல முடியும். வரியோட எல்லாம் சேத்து அம்பத்தேழு. நாப்பத்தி மூணு கையில நிக்கும். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் வேலை கிடைச்சா இன்னும் நல்லாவே இருக்கலாம். ஆனா வந்து இறங்குன உடனே வீட்டு ஓனர் ரெண்டு மாச வாடகைய முன்பணமா கேப்பார். முதல் சம்பளம் வர அஞ்சு வாரம் ஆகும். அந்த அஞ்சு வாரத்துக்குக் கையில..."

"நெட் கொஞ்சம் வீக்கா இருக்கு" என்றது ஏஜென்ட்டின் குரல். படம் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. அடுத்த நொடி திரை கறுப்பாயிற்று. நல்லவேளை, மனைவி ஆரம்பத்திலேயே வீட்டு போன் நம்பரைச் சொல்லியிருந்தாள்.

அந்த வாரம் முழுக்க போன் ஓயவில்லை. பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கக் காசு கேட்பார்களா, மூக்குக்கண்ணாடி என்ன விலை, பல் பிடுங்க எவ்வளவு ஆகும் என்று கேள்விமேல் கேள்வி. வாத்தியார் ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் போனுமாகப் பதில் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றார். பல் விலையை மட்டும் நேரே போய் விசாரித்துவிட்டு வந்து சொன்னார்.

விஷயம் காதுக்கு எட்டி, சகலையும் கூப்பிட்டார். குரலில் சிரிப்பு இல்லை. "என்ன சகலை, குடும்ப மானத்த சபையில ஏலம் விட்டுட்டீங்க? மிச்சம் ஏழுன்னா சொல்றது? நான் ஊர்ல தலை காட்ட வேணாமா?"

"நாப்பது பேர் நம்பி வர்றாங்க, சகலை. பந்தியில பேசுற கணக்க அவங்ககிட்டச் சொல்ல முடியுமா?" என்றார் வாத்தியார். சொன்ன பிறகு அவருக்கே ஆச்சரியம். ஐந்து வருடத்தில் சகலைக்கு அவர் கொடுத்த முதல் பதில் அது.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியின் பணியாளர் பிரிவிலிருந்து கடிதம் வந்தது. மறுநாள் பதினோரு மணிக்கு, கணவரையும் அழைத்துக்கொண்டு வரவும். ஏஜென்ட் புகார் கொடுத்திருக்கிறார் என்பது வரை செய்தி கசிந்திருந்தது.

"என்னால உன் வேலைக்கு ஏதாவது..." என்று வாத்தியார் இழுத்தார்.

"நான்தான கூப்பிட்டேன்? பொய்யா சொன்னீங்க?" என்றாள் மனைவி. "ரசீதெல்லாம் எடுத்துக்குங்க."

பணியாளர் பிரிவின் தலைவி வெள்ளை முடியும் கறுப்பு ஃபிரேம் கண்ணாடியுமாக இருந்தாள். மேசைமேல் வாத்தியார் சொன்னதெல்லாம் அவர்கள் பாஷையில் மொழிபெயர்த்து, அச்சடித்து வைக்கப்பட்டிருந்தது.

"இந்த எண்களை எங்கிருந்து எடுத்தீர்கள்?"

வாத்தியார் பையைத் திறந்து ரசீதுகளை மாதவாரியாக வரிசையாக வைத்தார். அவருடைய வெளிநாட்டுப் பாஷை நடக்கும்போது கொஞ்சம் நொண்டும். ஆனால் எண்கள் வந்தால் ஓடும். தலைவி ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஹீட்டர் ரசீதில் நின்றாள்.

"என் வீட்டில் இதைப்போல இரண்டு மடங்கு ஆகிறது. எப்படிக் குறைத்தீர்கள்?"

வாத்தியார் விளக்கினார். கதவிடுக்கில் அடைத்த துணிவரைக்கும் சொன்னார். அவள் அதைக் குறித்துக்கொண்டாள். பிறகு கண்ணாடியைக் கழற்றினாள்.

"போன தடவை பத்தொன்பது பேர் வந்தார்கள். ஒரு வருடத்துக்குள் எட்டுப் பேர் போய்விட்டார்கள். ஏன் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. உங்கள் கணக்கைப் படித்தபிறகுதான் புரிந்தது. இதை ஒரு தாளாக எழுதித் தருவீர்களா? இனி வேலைக் கடிதத்தோடு அதுவும் போகட்டும். எழுதுவதற்கு உண்டான ஊதியம் தருவோம்."

மனைவி மேசைக்கடியில் அவர் முழங்காலைத் தட்டினாள். ஒத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். வாத்தியார் ஒத்துக்கொள்ளவில்லை. அதாவது, உடனே ஒத்துக்கொள்ளவில்லை.

"தாள் எழுதிவிடலாம். ஆனால் அந்த முதல் ஐந்து வாரத்துக்கு என் தாள் சோறு போடாது. வருகிறவர்களுக்கு ஆஸ்பத்திரி விடுதியில் இரண்டு மாதம் வாடகை இல்லாமல் இடம் கொடுங்கள்."

"இரண்டு வாரம் தரலாம்."

"முதல் சம்பளமே ஐந்தாவது வாரம்தான்."

"நான்கு."

"நான்கில் வெளியே அனுப்பினால் ஐந்தாவது வாரம் எங்கே போவார்கள்? எட்டுப் பேர் போனார்களே, அவர்களுக்குப் பதிலாக ஆள் தேட எவ்வளவு செலவானது?"

தலைவி தன் கம்ப்யூட்டரில் எதையோ தேடிப் பார்த்தாள். பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ஆறு வாரம்" என்றாள். "அதற்குமேல் என் கையில் இல்லை."

"ஆறு சரி" என்று வாத்தியார் ரசீதுகளைக் கட்டினார்.

வெளியே நடைபாதையில் மனைவி அவருடைய சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது. "கீரைக்காரம்மாகிட்ட பேசுற மாதிரி பேசுறீங்க! எங்க பிரிவுல டாக்டருங்களே அந்தம்மாவ நிமிந்து பாக்க மாட்டாங்க." எதிரே வந்த எக்ஸ்ரே பிரிவு டாக்டரை நிறுத்தி, "இவர் என் கணவர்" என்று அறிமுகப்படுத்தினாள். டாக்டர் அவசரத்தில் இருந்தார். அவள் விடவில்லை. ஆறு வாரக் கதையை முழுதும் சொல்லிவிட்டுத்தான் வழி விட்டாள்.

நாற்பது பேரில் முப்பத்தொரு பேர் வந்து சேர்ந்தார்கள். ஆறு வாரமும் விடுதியில் இருந்து, மூன்று மூன்று பேராக வீடு பிடித்துப் போனார்கள். வருடம் முடிந்தபோது முப்பது பேர் வேலையில் இருந்தார்கள். ஒருத்தி மட்டும் கல்யாணமாகிப் போனாள். அதற்குக் கணக்கு என்ன செய்யும்?

நீலப் புடவைக்காரி வரவில்லை. அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. வாத்தியார் அதை மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டினார்.

"அண்ணே, உங்க மாதிரியே நூறு போட்டுப் பாத்தேன். நாலு பேரும் அங்க வந்தா ஒண்ணும் நிக்கல. பிள்ளைங்கள விட்டுட்டு வரவும் மனசில்ல. இங்க எனக்கு பதினெட்டு நின்னுச்சு. அந்தப் பேப்பர எங்க லேப் முதலாளிகிட்டக் காட்டி, எட்டு வருஷமா சம்பளம் ஏத்தலன்னு கேட்டேன். ஏத்திட்டார். இப்ப முப்பது நிக்குது. உங்க வீட்டுக்காரம்மாகிட்டச் சொல்லுங்க."

"வந்த முப்பத்தொண்ணு ஒரு பக்கம்னா, வராத இந்தப் பொண்ணு ஒரு பக்கம்" என்றாள் மனைவி.

வாத்தியார் செய்தியை இன்னொரு தடவை, இந்தமுறை மனதுக்குள், நிதானமாகப் படித்தார். பிறகு சகலைக்கு அனுப்பிவைத்தார்.